கோழித் தடுப்பூசி முகாமை விடியுமுன் நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வீட்டுக்கோழி வளர்ப்பு பற்றி நீங்கள் போட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கூடு எத்தனை அடி, எந்த ரகம் வாங்கலாம், எத்தனை மாதத்தில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று எல்லாம் இருந்தது. தடுப்பூசி பற்றி மட்டும் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி, உரிய காலத்தில் போடவேண்டும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் முப்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன், அம்மா வீட்டில் வளர்த்ததையும் சேர்த்தால் விவரம் தெரிந்த நாளிலிருந்தே கோழியோடுதான் இருக்கிறேன். ஒரு வீட்டில் கோழி நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது பெட்டை ஒன்பது, சேவல் இரண்டு, விடைக்கோழி ஆறு, மார்கழிக் கடைசியில் பொரித்த குஞ்சு பதினொன்று. பண்ணை என்றெல்லாம் சொல்ல முடியாது. பகலெல்லாம் குப்பைமேட்டையும் வேலியோரத்தையும் கிளறித் தின்றுவிட்டுப் பொழுது சாயும்போது அதுகளே வந்து கூட்டில் அடைந்துவிடும். காலையில் கூடு திறக்கும்போது ஒரு கை கம்பு, சாயங்காலம் ஒரு கை குருணை, அவ்வளவுதான் செலவு. குஞ்சு இருக்கிற நாட்களில் மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற மண்ணாகப் பார்த்து ராத்திரி வாயைக் கவிழ்த்து வைத்துவிட்டால், விடிந்ததும் பானைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கரையான் நெளியும். குஞ்சைக் கவிழ்த்து மூடுகிற கூடையான பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு அதைத் தரையில் தட்டினால் பத்து நாள் குஞ்சு பொறுக்குகிற வேகத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு வாரம் கரையான் தின்ற குஞ்சுக்கும் வெறும் குருணை தின்ற குஞ்சுக்கும் இறக்கை முளைப்பதிலேயே வித்தியாசம் தெரியும்.

இதில் வருமானம் என்ன என்று கேட்பார்கள். நாட்டுப்பெட்டை ஒரு ஈட்டுக்கு பன்னிரண்டு பதினைந்து முட்டை இடும், அப்புறம் அடைக்குப் படுத்துவிடும், குஞ்சை ஓட்டிக்கொண்டு திரிந்து முடித்துத் திரும்ப முட்டைக்கு வர மாதக்கணக்காகும். வருடத்துக்கு மூன்று ஈடு, நன்றாக இருந்தால் நான்கு. கூண்டில் அடைத்து வளர்க்கிற பண்ணைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை இடுகிறது, அதோடு இதை ஒப்பிடவே கூடாது. ஆனால் இந்த முட்டை எங்கள் பக்கம் 15 ரூபாய்க்குப் போகிறது, ஆறு மாதம் வளர்ந்த சேவல் ஒன்றரைக் கிலோ வந்தால் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். மகள் வீட்டார் வந்தால் கோழி அடிக்கலாம், பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைக்கலாம், குலசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்காகச் சந்தைக்கு அலைய வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் காசு பெண்கள் கையில் இருக்கிற காசு. சிறுவாடு என்று எங்கள் பக்கம் சொல்வோம். பையனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று வந்து நின்றால், யாரிடமும் கை நீட்டாமல் இரண்டு கோழியைப் பிடித்துக் கொடுத்துக் கட்டியிருக்கிறேன். அதனால்தான் ஒரு கோழி செத்தால் எங்களுக்கு வலிக்கிற வலி வேறு.

பருந்து தூக்கும், கீரி பிடிக்கும், ராத்திரி மரநாய் கூட்டுக்குள் கையைவிட்ட மாதிரி ஒன்றிரண்டை இழுக்கும். அதெல்லாம் தெரிந்த கணக்கு. பத்துக் குஞ்சு பொரித்தால் ஐந்தாவது தேறும் என்று நினைத்துத்தான் அடை வைக்கிறோம். கோழிச்சீக்கு, அதாவது ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல், அப்படி இல்லை. அது வந்தால் கூட்டையே துடைத்துக்கொண்டு போகும்.

மூன்று வருடத்துக்கு முன்பு சித்திரை மாதம். ஒருநாள் காலையில் கூடு திறந்தேன், எல்லாம் இறங்கி ஓடியது, ஒரு செவலைப் பெட்டை மட்டும் இறங்கவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடித் தூங்கியது. தூக்கிப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, பின்பக்கமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ, வெள்ளக் கழிசல்ல இது, மத்ததத் தனியாப் பிரிச்சுரு" என்றார். எங்கே பிரிப்பது, ராத்திரி முழுக்க ஒரே கூட்டில்தானே கிடந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் திணித்தேன். கீழாநெல்லி பறித்து வந்து அரைத்துக் கொடுத்தேன். மறுநாள் நான்கு செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு, தலை முதுகில் படுகிற மாதிரி வளைந்து, தான் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. என் காலடியில் வளர்ந்த சேவல் அது, கூப்பிட்டால் வந்து மடியில் ஏறும். எட்டு நாளில் இருபத்தாறு கோழியில் இருபத்துமூன்று போனது. எங்கள் வீட்டுக்காரர் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். அடை கிடந்த கோழியும் செத்துப்போக, அதன் அடியில் இருந்த முட்டை பதினெட்டாம் நாள் சூடு ஆறிக் கிடந்தது. இன்னும் மூன்று நாளில் பொரித்திருக்கும்.

அந்த வருடமும் முகாம் நடந்தது. எங்கள் ஊர்க் கோழிக்கு ஊசி போட்டதாகத்தான் கணக்கும் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர் இதை வெயில் சூட்டால் வருவது என்று நினைத்துக்கொண்டு மோரும் நீராகாரமும் வைத்துவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

இது வைரஸ் கிருமியால் வருவது. கோடையில் அதிகம் பார்க்கிறோம் என்றாலும் எந்த மாதமும் வரலாம். எச்சம், எச்சில், மூச்சுக்காற்று, தண்ணீர்த் தொட்டி, நம் செருப்பு, சந்தைக்குப் போய் விற்காமல் திரும்பி வந்த கோழி, எல்லாவற்றிலும் பரவும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் நூற்றுக்கு எண்பது தொண்ணூறைக் கொண்டுபோகும். வந்த பிறகு மருந்து கிடையாது, வெங்காயமும் மஞ்சளும் கொடுக்கலாம், நானும் கொடுத்தேன், ஆனால் அதை நம்பி ஊசியை விட்டுவிடக் கூடாது. இதற்கு ராணிக்கெட் என்ற பெயர் எப்படி வந்தது என்று எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். 1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் முதலில் கண்டார்களாம், அடுத்த ஓரிரு வருடத்தில் நம் நாட்டில் இமயமலைப் பக்கம் குமாவுனில் உள்ள ராணிக்கேத் ஊரில் கண்டதால் நமக்கு ராணிக்கெட். அதே குமாவுன் மலையில் முக்தேசரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில்தான் 1940களில் இதற்கான தடுப்பூசி ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் ராணிப்பேட்டையில் 1932-லிருந்து கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது, கோழிக்கழிச்சல் ஊசி மருந்தும் அங்கே தயாராகிறது. எண்பது வருடத்துக்கு மேலாக மருந்து இருக்கிறது, நம் மாநிலத்திலேயே செய்கிறார்கள், காசும் வாங்குவதில்லை. அப்படி இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கூடு காலியாகிறது என்றால், மருந்துக்கும் கோழிக்கும் நடுவில் எங்கோ அறுந்து கிடக்கிறது.

எங்கே அறுகிறது என்று எனக்குத் தெரியும். கடிகாரத்தில்தான் அறுகிறது.

வருடாவருடம் பிப்ரவரி வாக்கில் கால்நடைத்துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எப்போது வருகிறார்கள்? காலை பதினொன்று, பதினொன்றரைக்கு. அந்த நேரத்தில் எந்த வீட்டுக்கோழி வீட்டில் இருக்கும்? கருவேலங்காட்டுக்குள்ளும் கண்மாய்க்கரையிலும் மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றைப் பிடிக்க நான்கு பேர் ஓடவேண்டும், பிடிபடுவதற்குள் அது கூரைக்கு மேலே பறந்துவிடும். அதுவும் பிடிக்க ஆள் இருந்தால்தானே. எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள், ஏழரை மணிக்கு வேன் வந்துவிடும். மீதிப் பேர் நூறுநாள் வேலைக்கோ காட்டுவேலைக்கோ போயிருப்பார்கள். ஊரில் இருப்பது கிழவன் கிழவியும் பூட்டிய கதவும். வந்தவர்கள் என்ன செய்வார்கள், பஞ்சாரத்துக்குள் அகப்பட்ட அடைக்கோழி, குஞ்சோடு கவிழ்த்து வைத்த தாய்க்கோழி, காலில் கயிறு கட்டியிருந்த வெடைச்சேவல் என்று இருபது முப்பதுக்குப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நோட்டில் எங்கள் ஊர் முடிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்கோழி இருபத்தாறில் ஊசி போட்டது மூன்றுக்கு. செத்துப்போகாமல் மிஞ்சியது எத்தனை என்று மேலே சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழியை அன்றைக்கு மட்டும் அடைத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். என்றைக்கு வருகிறார்கள் என்று யார் சொன்னார்கள்? தெரிந்தாலும், பதினோரு மணிவரை தகரக்கூட்டில் அடைத்துப்போட்டுவிட்டு வேனுக்குப் போனால், மாசி வெயிலிலேயே கோழி வாயைப் பிளந்துவிடும். முட்டைக்குக் கேறிக்கொண்டு நிற்கிற பெட்டை வேறு ஒன்றையொன்று மிதித்து முட்டையை உடைத்துவிடும்.

ஆனால் கோழி கூப்பிடுகிற நேரத்தில் வந்து பாருங்கள். ஊரில் உள்ள எல்லாக் கோழியும் கூட்டுக்குள் இருக்கும், எல்லாப் பெண்களும் வீட்டில் இருப்பார்கள். கூட்டுக்கதவை ஒரு கை நுழைகிற அளவு திறந்து, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து எடுத்து நீட்டினால் போதும், சத்தம்கூட அதிகம் போடாது. இல்லையென்றால் கோழி அடைந்த பிறகு, ராத்திரி ஏழு மணிக்கு, டார்ச் லைட்டோடு வரலாம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, பழம் பறிக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். கோழி வளர்க்கிற எந்தக் கிழவியைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

இது சும்மா வாய்ப்பேச்சு இல்லை, செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தச் சித்திரைக்கு அடுத்த தையில் எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் நேராகவே கேட்டோம், ஐயா, நீங்கள் விடியுமுன் வந்தால் எங்கள் தெருக் கோழி அத்தனையையும் நாங்கள் பிடித்துத் தருகிறோம், ஒன்றுகூடத் தப்பாது என்று. அவர் முதலில் யோசித்தார். அவருக்கும் பத்துப் பதினைந்து ஊர், கூட ஒரு ஆய்வாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான் ஆள், அதில் மாட்டுக்குச் சினை ஊசி, கன்று ஈனமுடியாமல் கிடக்கிற பசு என்று ராத்திரியும் கூப்பிடுவார்கள். அப்புறம், தெருவில் மொத்தம் எத்தனை உருப்படி, எட்டு வாரத்துக்கு மேற்பட்டது எத்தனை என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்கு ராத்திரியே வீடு வீடாகப் போய் எண்ணினோம். இருபத்தாறு வீடு, 187 கோழி. ஒரு வாரம் முன்பே எல்லாவற்றுக்கும் பூச்சி மருந்து தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார், அதையும் செய்தோம்.

அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்தே முக்காலுக்கு டூவீலரில் வந்துவிட்டார்கள், பின்னால் கட்டியிருந்த பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் சின்னச் சின்னக் குப்பி. குப்பியில் மருந்து பொடியாகத்தான் இருக்கிறது, கூடவே கொண்டுவந்த குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்குகிறார்கள். ஒரு குப்பி நூறு கோழிக்கு. கலக்கிவிட்டால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வெயில் படக் கூடாது, மிஞ்சியதை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. உயிர்க்கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து என்பதால் அது செத்துப்போனால் ஊசி போட்டும் வெறும் தண்ணீர் போட்ட மாதிரிதான் என்று டாக்டர் சொன்னார். பதினொரு மணி வெயிலில் தெருத்தெருவாகக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தால் கலக்கின மருந்து என்ன கதிக்கு ஆளாகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கோழியை இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, ஆய்வாளர் தம்பி இறக்கைக்கு அடியில் இறகை ஊதி விலக்கி, தோலைச் சுண்டி இழுத்து அரை மில்லி ஏற்றினார். ஒரு கோழிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி போட்டதற்கு அடையாளமாகக் காலில் ஆளுக்கொரு சிவப்பு நூல் கட்டினோம். ஏழு பத்துக்குக் கடைசி வீடு முடிந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்தோம், குடித்துவிட்டு அவர்கள் கிளம்ப, நாங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினோம்.

அந்தக் கோடையில் கீழத்தெருவில் சீக்கு வந்தது. எங்கள் தெருவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு குழாயடிதான். கீழத்தெருவில் ஒரு வீட்டில் பதினாறு, ஒரு வீட்டில் ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெருவில் மூன்று செத்தது, மூன்றும் காலில் நூல் இல்லாத குஞ்சுகள். அதற்குப் பிறகு கீழத்தெருக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், எங்கள் ஆட்களிடமே சொல்லவேண்டியது. கோழி தூங்க ஆரம்பித்ததும் செத்துப்போகுமுன் காசாக்கிவிடலாம் என்று வந்த விலைக்கு யாவாரியிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் சைக்கிளில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு நான்கு ஊர் சுற்றுகிறார், சீக்கும் நான்கு ஊர் சுற்றுகிறது. செத்ததைக் கண்மாயில் எறிகிறோம், நாய் இழுத்துக்கொண்டு வந்து அடுத்த தெருவில் போடுகிறது. சந்தையில் வாங்கின கோழியை அன்றைக்கே நம் கூட்டில் அடைக்கிறோம், இரண்டு வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டுவைக்கப் பொறுமை இல்லை. இதில் யாரையும் நான் ஏசவில்லை, இருநூறு ரூபாய் அவளுக்கு வேண்டியிருக்கிறது. நோய் வராமல் பார்த்தால்தான் அந்த நிலைக்கு யாரும் வரவேண்டியதில்லை.

முகாம் வருடத்துக்கு ஒருமுறை என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குஞ்சு வருடம் முழுக்கப் பொரிக்கிறது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, அப்புறம் மூன்று நான்கு வாரத்தில் இன்னொரு தடவை சொட்டு, எட்டு வாரத்துக்கு இறக்கை ஊசி, இதுதான் முறை. எட்டு வாரத்துக்கு முன்னால் அந்த இறக்கை ஊசியைப் போட்டுவிடக் கூடாது, அந்த மருந்து கொஞ்சம் வீரியமானது, சின்னக் குஞ்சு தாங்காமல் கால் இழுத்துக்கொள்ளும். ஆக, மார்கழியில் பொரித்த குஞ்சு பிப்ரவரி முகாமுக்கு ஆளாகாது. தையில் பொரிப்பதும் ஆகாது. சித்திரையில் சீக்கு வரும்போது அது மூன்று நான்கு மாதப் பருவம், ஊசி இல்லாமல் நிற்கும். எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் சனிக்கிழமை கொண்டுபோனால் போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் நான்கு குஞ்சை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு போய் நின்றால், நூறு கோழிக்கான குப்பியை இந்த நான்குக்காக உடைப்பதா என்று அவர்களும் தயங்குகிறார்கள், நமக்கும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஐந்து பத்துக் கோழிக்கென்று சின்னக் குப்பி வரவேண்டும். அதைவிட, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலேயே தீனியோடு சேர்த்துக் கொடுக்கிற மாதிரி குருணைத் தடுப்பு மருந்து ஒன்று செய்திருக்கிறார்கள், நாட்டுக்கோழிக்கென்றே செய்தது, ஊசியும் வேண்டாம் பிடிக்கவும் வேண்டாம். அது எங்கள் ஊர் மருந்தகத்தில் ஒரு தடவைகூட என் கண்ணில் பட்டதில்லை. அதைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பாடு குறைந்துவிடும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே கோழி அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு, 12 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துப் பண்ணைகள் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு கோழிகூட ஊசி தப்புவதில்லை, அவர்களுக்கு அதற்கென்றே ஆள் இருக்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் வீட்டுக்கோழி மட்டும் 31 கோடிக்கு மேல் என்கிறது அதே கணக்கு. அந்த 31 கோடிக்கும் ஆள் யார்? எங்களை மாதிரி, விடிகாலை கூடு திறந்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள்தான். ஏழைப் பெண்களுக்கு அரசு கோழிக்குஞ்சு கொடுக்கிறது, வாங்கின வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், கொடுத்த குஞ்சில் கோடை தாண்டி நின்றது கொஞ்சம்தான். குஞ்சு கொடுக்கிற கையோடு இந்த ஊருக்கு இன்ன மாதம் இன்ன தேதி விடிகாலை ஊசி என்று ஒரு சீட்டும் கொடுத்தால் என்ன?

உங்கள் கட்டுரையில் முட்டை விலையைப் பற்றி இருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழுப்பு ஓடாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று பட்டணத்தில் நினைத்து வாங்குகிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் ரகத்தைப் பொறுத்தது, பண்ணையில் கூண்டில் வளர்கிற கலப்பின ரகம்கூடப் பழுப்பு முட்டை இடும். வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி விற்றுப் பிடிபட்ட செய்திகூட வந்திருக்கிறது. நாட்டுப்பெட்டை முட்டை சின்னதாக, லேசான கிரீம் நிறத்திலோ வெளிர்பழுப்பிலோ இருக்கும், ஒரே கூட்டில் ஒன்றுக்கொன்று நிறம் மாறும். உண்மையான முட்டைக்கு விலை கிடைக்கவேண்டுமென்றால் உண்மையான கோழி உயிரோடு இருக்கவேண்டும், அதனால் திரும்ப ஊசிக்கே வருகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. தை பிறந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் முகாம் தொடங்கும். எந்த ஊருக்கு எந்தத் தேதி என்பதைத் துறையிடம் வாங்கி மாவட்டப் பக்கத்தில் முன்கூட்டியே போடுங்கள். தங்கம் விலையும் மின்தடை நேரமும் தினமும் போடுகிறீர்கள், அதற்குப் பக்கத்தில் நான்கு வரி போதும். ரேசன் கடை வாசலில் எழுதி ஒட்டினால் படிக்காதவளும் கேட்டுத் தெரிந்துகொள்வாள், அதைத் துறையும் ஊராட்சியும் செய்யலாம். இரண்டாவது, முகாம் நேரத்தைக் காலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள்ளும் ராத்திரி ஏழிலிருந்து ஒன்பதுக்குள்ளும் மாற்றச் சொல்லி மேலே உள்ளவர்களிடம் உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். விடிகாலை வருகிற பணியாளருக்கு அன்றைக்கு மதியம் ஓய்வு கொடுங்கள், பெட்ரோலுக்குக் காசு கொடுங்கள், அவர்களும் நம் பிள்ளைகள்தான். கோழியை எண்ணுவது, பிடிப்பது, நூல் கட்டுவது எல்லாம் அந்தந்தத் தெரு மகளிர் குழு பார்த்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

என் பதினொரு குஞ்சுக்கும் ஏழாம் நாள் சொட்டு போட்டாகிவிட்டது. அன்றைக்கு நாலு வீட்டுக் குஞ்சு ஒரே பஞ்சாரத்தில் போனது. அதுகளுக்கு எட்டு வாரம் முடிவது மார்ச் முதல் வாரம். அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு குப்பி உடைக்கவேண்டுமென்றால் தெருவில் அதே பருவத்துக் கோழி நூறு சேரவேண்டும், குழு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். நேற்று ராத்திரிவரை அறுபத்துநான்கு சேர்ந்திருக்கிறது. மேலத்தெருவில் இன்னும் ஏழு வீடு பாக்கி, இன்றைக்குக் கோழி அடைந்த பிறகு போய்க் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.